ஒரு பென்னிகூட மிச்சமில்லாமல்

எங்கள் லாண்டரியில் காலைத் தேநீரை நோரீன் மேச்சின்தான் போடுவாள். போடு என்று யாரும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. லாங்டன் பக்கமிருந்து வரும் முதல் பஸ் அவளை ஷிஃப்டுக்குக் கால் மணி முன்னதாகவே வாசலில் இறக்கிவிடும். அடுத்த பஸ்ஸில் வந்தால் தாமதம். அவளிடம் ஒரு சாவி உண்டு. கதவைத் திறந்து, பாய்லரை முடுக்கி, விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளைகளுக்கு நீராவியைத் திறந்துவிட்டு, அவை சூடேறுவதற்குள் கெட்டிலையும் வைத்துவிடுவாள். லினெட்டுக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு இரண்டு கரண்டி, முதலாளி பேக்னலுக்குக் குவளையில் முதலில் பால். ஆறு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் நேராக உருளைக்குள் போகும். எங்கள் கையில் சூடான குவளை இருக்கும்.

நான் டெரிக் பாட்மோர், லாரிகளை அனுப்புகிறவன். எனக்கு எதிர் மேசையில் லினெட் கோக்லி. சம்பளக் கணக்கும் அவள்தான், விரிப்புக் கணக்கும் அவள்தான், அதனால் அவளும் ஆறு மணி ஆள். எங்களுக்கு வேலை தொடங்கும் முன்னாலேயே ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தே குடித்தோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை யோக்கியன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கம்பெனியில் புதுப் பென்ஷன் திட்டம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோரீன் கையைத் துடைத்துக்கொண்டே அலுவலகத்துக்குள் வந்தாள்.

"அதென்ன கண்ணு, சம்பளத் தியாகம்? நான் என்ன கன்னியாஸ்திரியா?"

"உன் சம்பளத்துல ஒரு பங்க எனக்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற," என்றாள் லினெட். "கம்பெனி அத உன் பென்ஷன்ல போட்டுரும். உன் கைக்கே வராத காசுக்குக் கவர்மென்ட்டு இன்ஷூரன்ஸ் பிடிக்க மாட்டாங்க. அதுக்கு மேல, இந்தத் திட்டத்துல சேர்றவங்களுக்குக் கம்பெனியும் பவுண்டுக்குப் பவுண்டு போடும். சேராதவங்களுக்குச் சட்டப்படி எவ்வளவோ அவ்வளவுதான்."

"அப்ப இதுல தியாகம் பண்றது யாரு?"

"கவர்மென்ட்டு."

"அந்தத் தியாகத்துக்கு நான் எப்பவும் ரெடி. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

எல்லாவற்றையும் எடுக்க முடியாது. மணிக்கு இவ்வளவுக்குக் கீழே யாருக்கும் கூலி கொடுக்கக் கூடாது என்று ஒரு தரை இருக்கிறது. தொழிலாளியே ஆசைப்பட்டு விட்டுக்கொடுத்தாலும் மிச்சக் கூலி அந்தத் தரைக்குக் கீழே இறங்கக் கூடாது. நோரீனுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது.

"என் காசு, நான் விட்டுக்குடுக்குறேன். கவர்மென்ட்டுக்கு எங்க வலிக்குது?"

"நீ ஆசையா குடுப்ப. நாளைக்கு ஒரு முதலாளி நாலு பேர மிரட்டி எழுதி வாங்குவான். அவங்களும் ஆசையாத்தான் குடுத்தேன்னு சொல்லுவாங்க."

"அப்ப அந்தத் தரை வரைக்கும் எடு. ஒரு பென்னி விடாத."

லினெட் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். நோரீன் அவள் பிரிவுக்குத் தலைவி என்பதால் தரைக்கு மேலே மணிக்கு ஒரு பவுண்டு சொச்சம் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பவுண்டு சொச்சம் முழுவதும் பென்ஷனுக்குப் போனது. தரையில் கால் பட்டும் படாமலும் அல்ல, நன்றாகப் பதிந்து நின்றது அவள் சம்பளம். ஏப்ரல் தோறும் அரசாங்கம் தரையை உயர்த்தும், எங்கள் முதலாளி நோரீனின் கூலியை அதைவிடக் கொஞ்சம் குறைவாக உயர்த்துவார், லினெட் மறுபடி நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்தக் கணக்கில் அவளுக்குப் பெருமை. எனக்கே இரண்டு முறை காட்டியிருக்கிறாள்.

நோரீனுக்கு இந்த அவசரம் எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் கிளைவ் முப்பது வருடம் ஓடு ஆலைத் தூசியைச் சுவாசித்தவர். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். வேல்ஸில் ரில் கடற்கரையில் அவர்களுக்கு ஒரு பழைய கேரவன், சக்கரம் வைத்த சின்ன வீடு, இருக்கிறது. அங்கே போனால் அவருக்கு மூச்சு சற்று எளிதாக வரும். அந்தக் கேரவன் திடலை ஏப்ரல் வாக்கில் ஈஸ்டருக்குத் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். அறுபத்திரண்டு வயதாகும் வருடம் ஈஸ்டரோடு வேலையை விட்டுவிட்டு, அந்தப் பருவம் முழுக்க அவரோடு கடலோரத்தில் இருப்பது என்று நோரீன் முடிவு செய்திருந்தாள். அந்த ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வருடம். கிளைவுக்கு எத்தனை வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தது நோரீனுக்குத் தெரியும். எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் வரித்துறையிலிருந்து ஃபென்விக் என்கிற அதிகாரி வந்தார். குறைந்தபட்சக் கூலியைச் சரியாகக் கொடுக்கிறோமா என்று பார்க்க வந்தவர். மூக்கடைத்துக்கொண்டிருந்த சாது மனிதர். எங்கள் பேக்னல் ஆள் பார்க்கத் தடியாக இருந்தாலும் அன்று காலையிலிருந்து மூன்று முறை டை மாற்றினார். குறைந்த கூலி கொடுத்த நிறுவனம் என்று பட்டியலில் பெயர் வந்தால் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போய்விடும் என்பது அவர் பயம்.

ஃபென்விக் லினெட் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். நோரீன் பெயரில் நின்றார்.

"இவங்களுக்குத் தியாகம் போக மிச்சம் சரியா தரையில நிக்குது. ஒரு பென்னிகூட மிச்சமில்ல."

"அவங்க கேட்டபடிதான் சார்."

"தப்பில்லைங்க. அழகா போட்டிருக்கீங்க." மூக்கைச் சிந்தினார். "பொதுவா யாரும் இவ்வளவு கிட்ட போக மாட்டாங்க. வழக்கமான பென்ஷன் பிடித்தம்னா இந்தத் தொல்லை இல்ல, அத நாங்க கூலியிலேருந்து கழிக்கிறதில்ல. தியாகம்னா கூலியே குறைஞ்சதா அர்த்தம். மேல கொஞ்சம் இடம் இருந்தா, அஞ்சு நிமிஷம் கூடக்குறைய வேலை செஞ்சாலும் தாங்கும். இப்படி ஒட்டி நின்னா, கணக்குல வராத ஒரு நிமிஷம்கூட கீழ இறக்கிடும். இவங்க எத்தன மணிக்கு வர்றாங்க?"

லினெட்டின் கையில் குவளை இருந்தது. வாய்வரை போன குவளை அப்படியே நின்றது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவள் நாக்கைக் கடித்துக் கடித்துப் போட்ட கணக்கில் அந்தக் கால் மணி நேரம் எங்கேயும் இல்லை. தினமும் அவள் தொண்டை வழியாக இறங்கியதுதான், ஆனாலும் அவளுக்கு அது உறைத்ததே இல்லை. வேலைநேரம் என்றால் அவளுக்கு வருகை அட்டையை இயந்திரத்தில் தேய்த்த பிறகு. நோரீன் ஆறு மணிக்குத்தான் அட்டையைத் தேய்ப்பாள்.

"ஷிஃப்ட் ஆறு மணிக்கு சார்," என்றாள் லினெட்.

கேட்டதற்கு அது பதில் அல்ல. ஆனால் பொய்யும் அல்ல. ஃபென்விக் தலையாட்டி, மறுநாள் சில தொழிலாளர்களிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவ்வளவு நேரமும் லாரிச் சாவிகளை எண்ணுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருப்பது நான்கே லாரி.

மதியம் பின்கட்டில் லினெட் நோரீனைப் பிடித்தாள். அழுக்கு விரிப்புக் கூண்டுகளுக்கு நடுவே நின்று, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தக் கால் மணி நேரமும் வேலைதான், நோரீன். அதுக்கு உனக்குக் கூலி வரணும். நீ திட்டத்துல சேர்ந்த ரெண்டு வருஷத்துக்கும் வரணும். நான்தான் உன்ன தரையில கொண்டுபோய் நிறுத்தினேன். நீ காலையில வர்றது தெரிஞ்சே நிறுத்தினேன்."

"நான் கேட்டேன், நீ செஞ்ச. இப்ப என்ன, சொல்லிட்டா பேக்னல் என்ன செய்வான்?"

நானும் கூடப் போயிருந்தேன். நான்தான் சொன்னேன்.

"திட்டத்தையே இழுத்து மூடிடுவாரு. மணிக்கூலிக்காரங்க யாருக்கும் கிடையாதும்பாரு. அவரு பயந்தாங்கொள்ளி."

"அப்ப பவுண்டுக்குப் பவுண்டும் போச்சு." நோரீன் கொஞ்ச நேரம் விரல்களை மடக்கினாள். "சரி விடுங்க. நாளைக்கு அந்த மூக்குச்சளிக்காரர்கிட்ட நான் பாத்துக்குறேன். தேத்தண்ணி குடிக்க வர்றேன்னு சொல்லிடுறேன். பொய்யா அது? குடிக்கத்தானே செய்றேன்?"

"நீ பொய் சொல்ல வேண்டி வந்துச்சே என்னால," என்றாள் லினெட்.

"அட போ கண்ணு. கிளைவ் கேட்டா ‘இன்னிக்கி என்ன சாப்ட்ட'ன்னு, நான் தினமும் பொய்தான் சொல்றேன்."

மறுநாள் பேச்சு பேக்னலின் அறையில் நடந்தது. தொழிலாளிகளிடம் தனியாகத்தான் பேசுவேன் என்று ஃபென்விக் சொன்னார். நோரீன்தான், "இருக்கட்டும் சார், எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல, எல்லாரும் இருங்க," என்று பேக்னலையும் லினெட்டையும் நிறுத்திக்கொண்டாள். நான் கதவருகே நின்றேன். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை.

"ஷிஃப்டுக்கு முன்னாடி வந்துருவீங்களோ?" என்று கேட்டார் ஃபென்விக்.

"பஸ் அப்படி கண்ணு." அதிகாரியையும் அவள் கண்ணு என்றுதான் கூப்பிட்டாள். "வந்து உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிப்பேன். வீட்ல அவரு இருமிக்கிட்டே இருப்பாரு. இங்க அமைதியா இருக்கும்."

"வேலை எதுவும் செய்ய மாட்டீங்க?"

"நானா? நான் சோம்பேறி."

"ஆறு மணிக்கே உருளைங்க சூடா இருக்கே. பாய்லர யாரு போடுறாங்க?"

நோரீன் சிரித்தாள். "அதுவா? ஒரு சுவிட்ச். போற வழியில தட்டிட்டுப் போவேன். அதெல்லாம் ஒரு வேலையா?"

அங்கேயே முடிந்திருக்கும். ஃபென்விக் பேனாவை மூடிவிட்டார். அப்போது பேக்னல் வாயைத் திறந்தார். அந்த மனிதர் வாயைத் திறந்து எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஆமா ஆமா," என்றார், பெரிய மனிதப் புன்னகையோடு. "நோரீன் சும்மா உக்காந்திருப்பாங்க. நாங்க ஒண்ணும் சொல்றதில்ல. வயசானவங்க, பாவம், குளிர்ல நிக்க வேண்டாமேன்னு சாவி குடுத்துவெச்சிருக்கேன்."

நோரீன் ஆமாம் என்று தலையாட்டினாள். சிரித்துக்கொண்டேதான் ஆட்டினாள். காது மட்டும் சிவந்துவிட்டது.

லினெட் பார்த்துவிட்டாள். "பொய்," என்றாள்.

எல்லோரும் திரும்பினோம்.

"சும்மா உக்காந்ததே இல்ல. பாய்லர் போட்டு, பிரஷர் பாத்து, மூணு உருளைக்கும் நீராவி திறந்து, முந்தின நாள் தங்கின தண்ணிய வடிச்சு விடணும். அவ வரலைன்னா முதல் விரிப்பு ஆறரைக்குத்தான் போகும். போன குளிர்காலத்துல அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் போச்சுல்ல? ஆஸ்பத்திரிக்காரன் போன்ல கத்தினான்ல? பாவம்னு சாவி குடுத்தீங்களா? அவதான் உங்களுக்கு அந்தக் கால் மணிய குடுத்தா. எங்க எல்லாருக்கும் குடுத்தா. நான் அத கணக்குல எழுதல. தப்பு என்னோடது சார், எழுதிக்கோங்க."

ஃபென்விக் பேனாவைத் திறந்தார். பிறகு என் பக்கம் பார்த்து, "உங்களுக்கும் தெரியுமா?" என்றார். நான் ஆமாம் என்றேன். அப்போது வாய் வந்தது எனக்கு, எல்லாம் முடிந்த பிறகு.

நான் நோரீனைப் பார்த்தேன். அவளுக்காக ஒருத்தி இப்படிப் பேசியதில் அவள் முகம் மலரும் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படிதான் நடந்தது. இரண்டு வருடக் கால் மணி நேரங்களுக்கும் நோரீனுக்குப் பாக்கி வந்தது. கம்பெனிக்கு அபராதம். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போகவில்லை, பேக்னல் பயந்தது வீண். ஆனாலும் நான் சொன்னபடியே அவர் மணிக்கூலிக்காரர்கள் எல்லோரையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். பவுண்டுக்குப் பவுண்டு நின்றது. பாக்கிப் பணம் நோரீன் வீட்டுக் கூரை ஒழுகலுக்குப் போனது. சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். பாய்லருக்கு ஒரு டைமர் மாட்டினார்கள். அது தானாக எரிகிறது. தண்ணீரை மட்டும் யாரும் வடிப்பதில்லை, அதனால் முதல் பத்து விரிப்பில் துருக்கறை.

லினெட் உட்கார்ந்து புதுக் கணக்குப் போட்டாள். இந்த முறை எனக்குக் காட்டவில்லை. நான்தான் கேட்டேன்.

"அஞ்சு மாசம்," என்றாள். "ஈஸ்டருக்கு அவ வேலைய விட முடியாது. செப்டம்பர் கடைசி ஆகும்."

"அஞ்சு மாசம்தானே."

"அக்டோபர்ல திடல மூடிருவாங்க டெரிக். அந்தப் பருவமே போச்சு. அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அவரு…" கணக்குத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். நியாயம் பேசினேன். பேசும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதான் என்னால தாங்க முடியல."

நான் அவளைத் தேற்றவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? சட்டம் தப்பா? இல்லை. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் பேக்னல் மாதிரி ஆள் எங்களை எந்தக் குழியில் இறக்குவார் என்று எனக்குத் தெரியும். லினெட் தப்பா? உண்மை சொன்னாள். ஆனாலும் நஷ்டம் வந்து விழுந்தது யார் தலையில் என்று பார்த்தால், அதில் எங்கள் இருவர் கையும் இருந்தது.

இப்போது முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் நோரீன் சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் நிழற்குடையில் நிற்கிறாள். ஆறு மணிக்கு முன் யாரும் உள்ளே வரக் கூடாது என்று பேக்னல் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை நானும் லினெட்டும் சீக்கிரம் வந்து, சாலையைக் கடந்து அவளிடம் போனோம்.

"என் கார்ல உக்காரு நோரீன்," என்றேன்.

"வேணாம் டெரிக். கார்ல உக்காந்தா அதுக்கும் யாராச்சும் கூலி குடுத்துருவாங்க."

நல்ல அடி. வாங்கிக்கொண்டேன்.

லினெட் அழ ஆரம்பித்தாள். "என்னத் திட்டிடு, நோரீன். ஒரு தடவ நல்லா திட்டிடு."

"உன்ன ஏன் திட்டணும்? எனக்காகத்தான் பேசின. எனக்குத் தெரியாதா?" நோரீன் அவள் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டாள், குழந்தைக்கு மூடுவதுபோல. "ஆனா ஒண்ணு கண்ணு. அந்தக் கால் மணி நேரம் நான் குடுத்தது. யாரும் எங்கிட்டேருந்து புடுங்கல. வீட்ல என்னால எதையும் சரி பண்ண முடியாது, அவரு மூச்ச என்னால இழுத்து விட முடியாது. இங்க வந்து நாலு சுவிட்ச் தட்டினா எல்லாம் சூடாச்சு, எல்லாரும் வந்து ‘அப்பாடா'ன்னீங்க. அதுக்கு நீ விலை போட்டு வாங்கிக் குடுத்துட்ட. சரியான விலைதான். நான் அத விக்கவே இல்லையே."

மழை நிழற்குடைக் கூரையில் தடதடவென்று விழுந்தது.

"இன்னும் அவர்கிட்ட சொல்லல," என்றாள் நோரீன். "ஈஸ்டர் ஈஸ்டர்னு நாள் எண்ணிட்டு இருக்காரு. எனக்கு வாய் வரல. கணக்குப் போட்டவ நீ. நீ வந்து சொல்லு."

சனிக்கிழமை நான்தான் லினெட்டைக் காரில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவள் சொல்லப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிளைவ் கதவைத் திறந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா வா! நோரீன், இங்க பாரு, நம்மள கடலுக்கு அனுப்புற பொண்ணு வந்திருக்கு." லினெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன் பேரச் சொல்லாம இவ ஒரு நாள் படுத்ததில்ல. ஒரு பென்னி விடாம எடுத்திருக்கா, கெட்டிக்காரின்னுவா. உக்காரு, ஓட்ஸ் மாவு ஓட்கேக் சூடு பண்ணச் சொல்றேன், சீஸ் போட்டு."

நோரீன் சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"கிளைவ்," என்றாள் லினெட். காரில் முணுமுணுத்து வந்ததில் ஒரு வார்த்தையும் அவள் வாயில் இல்லை. "அந்த ஈஸ்டர் இல்ல கிளைவ். அதுக்கு அடுத்த ஈஸ்டர். கணக்கு மாறிடுச்சு. என்னாலதான்."

அவர் அவள் கையை விடவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நோரீன் தலையாட்டினாள். அவர் ஒரு கையால் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு வருஷமா?" என்றார். பிறகு லினெட்டின் கையை இரண்டு தட்டுத் தட்டினார். "சரி விடும்மா. அப்ப நான் மூச்ச இன்னும் கொஞ்சம் சிக்கனமா விடணும், அவ்வளவுதானே."

எங்களைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, நாங்கள் சிரிக்கிறோமா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.